ஆழ்கடல் அரியணையும் உட்பகையும்

புறப்பகை கோட்டை வாயிலில் வந்து முரசறையும். உட்பகையோ அரசனுடன் ஒரே அவையில் அமர்ந்து, ஒரே விருந்தை உண்டு, அவன் வெளியே சென்ற மறுநாள் அரியணையில் ஏறிக்கொள்ளும். இவ்விரண்டினுள் எது அஞ்சத்தக்கது என்பதைத் தமிழாசிரியர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பகையின் இயல்பையும் திறத்தையும் கூறிய வள்ளுவர், அவற்றோடு அமையாமல் உட்பகைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார்.

இக்கருத்து காவியங்களிலும் அரசியல் நூல்களிலும் மட்டுமே காணப்படுவதன்று. சிறுவர்கள் பாடப் புத்தகத்தின் நடுவே மறைத்து வைத்துப் படிக்கும் அமெரிக்கப் படக்கதைகளிலும் இது பலமுறை வந்துள்ளது. அப்படக்கதை உலகில் கடலடி வேந்தர் இருவர் பெயர் பெற்றவர். ஒருவன் மார்வெல் நிறுவனத்தார் வெளியிட்ட நேமோர், மற்றவன் டி.சி. நிறுவனத்தார் வெளியிட்ட அக்குவாமன். இருவரும் ஆளும் நாட்டின் பெயர் அட்லாண்டிஸ். கடலில் மூழ்கியதாகக் கிரேக்க அறிஞர் பிளேட்டோ எழுதிவைத்த நாட்டின் பெயர் அது. இருவருடைய அரியணைக்கும் உள்ளிருந்தே வஞ்சகப் போட்டி கிளம்புகிறது.

அவ்வாறு கிளம்பிய போட்டியாளருள் முதன்மையானவன் நேமோரின் போர்த்தலைவனாகிய கிராங். அவன் தீயவன் என்பது படம் பார்க்கும் சிறுவனுக்கே விளங்கும். திறனாய்வாளன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அத்தீயவனுக்கு அவ்வளவு வலிமை எங்கிருந்து வந்தது? இக்கேள்விக்குக் கதை தரும் விடை முழுமையானதா? இவை இரண்டையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கலப்புப் பிறப்பில் தோன்றிய நாயகன்

நேமோரைப் படைத்தவர் பில் எவரெட் என்னும் ஓவியர். 1939ஆம் ஆண்டில் ‘மார்வெல் காமிக்ஸ்’ முதல் இதழில் அவன் பொதுமக்கள் முன் தோன்றினான். ‘ரோமன்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்களைப் பின்னிருந்து முன்னாகப் படித்து ‘நேமோர்’ என்று பெயரிட்டதாக எவரெட் கூறியுள்ளார். தாய் கடலடி நாட்டு இளவரசி ஃபென். தந்தை அமெரிக்கக் கப்பல் தலைவன் மெக்கென்சி. நீரிலும் மூச்சுவிடுவான், நிலத்திலும் மூச்சுவிடுவான். இரு குலத்துக்கும் உரியவன். ஆதலின் இரு குலத்துக்கும் அயலவன்.

முதற் கதையிலிருந்தே அவன் நிலவுலக மாந்தர்மீது பகை கொண்டவனாகப் படைக்கப்பட்டான். கடலடி மக்களுக்கு அவர்கள் இழைத்த கேட்டுக்குப் பழி வாங்குவதே அவனுக்கு இடப்பட்ட பணி. இச்செய்தியை வாசகர்கள் நினைவில் இருத்தல் வேண்டும். கிராங்கை மதிப்பிடும்போது இது பெரிதும் பயன்படும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் எதிராகப் போரிட்ட நேமோர், 1949ஆம் ஆண்டுக்குப் பின் செல்வாக்கிழந்தான். 1954, 1955ஆம் ஆண்டுகளில் சிறிது காலம் தலைகாட்டி மறைந்தான். 1962ஆம் ஆண்டு ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ நான்காம் இதழில் எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஜாக் கர்பியும் அவனுக்கு மறுவாழ்வு அளித்தனர். நியூயார்க் நகரின் ஏழைகள் தங்கும் விடுதியொன்றில், தாடி வளர்ந்து, தன் பெயரையும் மறந்து கிடக்கிறான் ஒருவன். நால்வர் குழுவைச் சேர்ந்த இளைஞன் ஜானி அவனை அடையாளங்கண்டு கடலில் விடுகிறான். கடல்நீர் பட்டதும் நினைவு திரும்புகிறது. தாயகம் நோக்கி விரைகின்ற நேமோர் காண்பது பாழடைந்த நகரத்தை. மாந்தரின் அணுகுண்டுச் சோதனைகளே அந்த அழிவுக்குக் காரணம் என்று உணர்ந்து, மீண்டும் பழிக்குப் பழி வாங்கச் சூள் உரைக்கிறான்.

கருத்தாழம் மிக்க தொடக்கம் இது. தன்னையே மறந்த அரசன். அரசன் இல்லாத நாடு. அந்த நாட்டுக்கு நேர்ந்த அழிவு. பின்னர் வரும் உட்பகைக் கதைகளுக்கெல்லாம் வித்து இங்கேயே விழுந்துவிட்டது.

கிராங் தலையெடுத்த விதம்

1963ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ முதல் ஆண்டு மலரில், சிதறிப்போன தன் மக்களை நேமோர் கண்டுபிடிக்கிறான். கிராங்கும் அதில்தான் முதன்முதலாகத் தோன்றுகிறான். கடலடிப் படை நியூயார்க் நகரைத் தாக்குகிறது. நால்வர் குழுவின் அறிவியல் கருவி, படைவீரர்களின் தலைக்கவசத்துக்குள் இருந்த நீரை ஆவியாக்கிவிட, மூச்சுத் திணறிய படை கடலுக்குத் திரும்புகிறது. அக்குழுவைச் சேர்ந்த சூ என்னும் பெண் நீரில் மூழ்கி உயிருக்குப் போராடுகிறாள். அவள்பால் காதல் கொண்ட நேமோர், அவளைத் தூக்கிக்கொண்டு நிலத்து மருத்துவமனைக்கு ஓடுகிறான். பகைவர் மகளுக்காக மனமுருகிய மன்னனைக் கண்டு மனங்கசந்த மக்கள், அவனைத் தனியே விட்டு அகன்றுவிடுகின்றனர். அக்கதையின் முடிவு வெற்றியுமன்று, தோல்வியுமன்று. வெறுமையான ஓர் அரியணை.

1964ஆம் ஆண்டில் அவன் மீண்டும் அரசனாயிருக்கக் காண்கிறோம். 1965ஆம் ஆண்டு ‘டேர்டெவில்’ ஏழாம் இதழில் கிராங்கின் உள்ளக்கிடக்கை வெளிப்படுகிறது. ஸ்டான் லீ எழுத, வாலி வுட் வரைந்த கதை அது. நிலவுலகின்மீது படையெடுக்க வேண்டும் என்கிறது கிராங்கின் கட்சி. போரை விரும்பாத நேமோர், மாந்தர்தம் நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுத்துத் தன் மக்களின் உரிமையைக் கேட்க முடிவு செய்கிறான். ஓர் அரசன் வழக்கறிஞரைத் தேடிச் செல்வது படக்கதை உலகில் புதுமை. வழக்கு நாள் வருமுன்னே, அரசகுலப் பெண் டோர்மா ஓடிவந்து, கிராங் கலகம் விளைத்துவிட்டான் என்று சொல்கிறாள். சட்டத்தை நம்பிச் சிறையில் இருந்தவன், அச்சிறையை உடைத்துக்கொண்டு புறப்பட நேர்கிறது.

அதே ஆண்டு ஆகஸ்டு மாத ‘டேல்ஸ் டு அஸ்டோனிஷ்’ 70ஆம் இதழில் இக்கதையின் தொடர்ச்சி தனித் தொடராக மலர்ந்தது. ஓவியம் தீட்டியவர் ஜீன் கோலன். அப்போது அவர் மற்றொரு நிறுவனத்துக்கும் வரைந்து வந்தமையால் ‘ஆடம் ஆஸ்டின்’ என்னும் புனைபெயரை மேற்கொண்டார். நாடு திரும்பிய நேமோர் கிராங்கின் கையில் சிறைப்படுகிறான். டோர்மாவின் துணையால் தப்புகிறான். கடற்கடவுளாகிய நெப்டியூனின் முத்தலைச் சூலத்தைத் தேடி எடுத்து, அதன் வாயிலாகத் தன் அரசுரிமையை நிலைநாட்டப் புறப்படுகிறான். பல மாதங்கள் நீண்ட அத்தேடலின் இறுதியில், 1966ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், அரியணை அவனுக்கு மீள்கிறது. கிராங் நாட்டினின்று துரத்தப்படுகிறான்.

வஞ்சகனின் வழக்கு

கிராங் செய்தது துரோகம் என்பதில் ஐயமில்லை. நம்பி அருகில் வைத்துக்கொண்டவனுக்கு விலங்கு பூட்டினான். அரியணையோடு நில்லாமல் டோர்மாவையும் தன் அரசியாக்கிக்கொள்ள விழைந்தான். அரசன் இல்லாத வேளையைப் பார்த்து எழுந்ததே அவன் நெஞ்சின் கோழைமையைக் காட்டுகிறது. அதே வெறுமை அரியணைக்கு முன் பரதன் என்ன செய்தான் என்பதைத் தமிழ் படித்தவர் அறிவர். ஆளுவோன் இல்லாத இருக்கை, அருகில் நிற்பவனின் உள்ளத்தை அளந்து காட்டும் உரைகல். அவ்வுரைகல்லில் பரதன் பொன்னானான், கிராங் பித்தளையானான்.

ஆயினும், நடுநிலை பிறழாத நீதிபதி குற்றவாளியின் வாதத்தையும் கேட்பார். கிராங்கின் வாதம் யாது? நிலவுலகத்தார் நம் நகரை அழித்தனர். அவர்களோடு போர் தொடுக்க வேண்டும். நம் அரசனோ அவர்கள் பெண்ணொருத்தியிடம் நெஞ்சைப் பறிகொடுத்துவிட்டான். அவர்கள் நீதிமன்றத்தில் போய் நிற்கிறான். அவன் நிலையில் நின்று பார்த்தால் வாதம் இவ்வளவே.

இவ்வாதத்தில் எந்தச் செய்தியும் பொய்யன்று என்பதை நோக்குதல் வேண்டும். நகரம் அழிந்தது உண்மை. போர் வேண்டும் என்று 1962ஆம் ஆண்டுச் சூளுரையில் முழங்கியவன் நேமோரே. 1939ஆம் ஆண்டு முதல் நிலவுலகப் பகைமையைத் தன் வாழ்வின் பொருளாகக் கொண்டிருந்தவனும் அவனே. சூவின் பொருட்டு அவனை மக்கள் கைவிட்டபோது, அது கிராங் ஒருவனின் மனக்குறையாக இருக்கவில்லை. நாட்டு மக்கள் அனைவரின் மனக்குறையாக இருந்தது. அங்ஙனமாயின் கிராங் யார்? நேமோர் கழற்றி எறிந்த பழைய உடையை எடுத்து உடுத்திக்கொண்டவன். அரசன் மனம் மாறிவிட்டான்; அரசனின் பழைய சொல் மாறாமல் போர்த்தலைவன் வாயில் நின்றது.

இதனால் கிராங் நல்லவனாகிவிடமாட்டான். நேமோரின் மனமாற்றம் உயர்ந்த மாற்றமே. பழிவாங்கும் பகையிலிருந்து வழக்காடும் உரிமைக்கு ஏறிவந்தவன் அவன். ஆனால் தான் ஏறிய படிகளில் தன் மக்களை உடன் அழைத்துச் செல்ல அவன் முயலவில்லை. எதற்காகப் போரை விடுத்தேன் என்று அவையில் விளக்கி, அவர்கள் மனத்தை வென்று, பிறகு பயணம் புறப்பட்டவனைக் கதை காட்டவில்லை. முடிவெடுத்தான், சென்றுவிட்டான். அவன் விட்டுச் சென்ற இடைவெளியில்தான் கிராங்கின் வலிமை பிறந்தது.

கதை வாய் திறவாத காரணம்

இவ்வளவு வலிய மூலப்பொருளைக் கையில் வைத்திருந்த ஸ்டான் லீ, 1965ஆம் ஆண்டுத் தொடரில் அதனைப் பயன்கொள்ளவில்லை. கிராங்கின் அரசியல் பின்னுக்குப் போய், அவன் பதவி ஆசையும் பெண்ணாசையும் முன்னுக்கு வருகின்றன. வஞ்சகனுக்கு வழக்கு இருந்தது என்பதே வாசகனுக்கு மறந்துபோகிறது. இதற்கு இரண்டு காரணங்களைச் சுட்டலாம்.

முதற் காரணம் இடநெருக்கடி. அக்காலத்தில் மார்வெல் நிறுவனத்தாரின் இதழ்களை விற்பனைக்கு அனுப்பியது, போட்டி நிறுவனத்துக்குச் சொந்தமான விநியோக நிறுவனம். மாதந்தோறும் இத்தனை இதழ்களே வெளியிடலாம் என்று அது வரையறுத்திருந்தது. ஆகவே ஓர் இதழை இரு நாயகர் பங்கிட்டுக்கொண்டனர். ‘டேல்ஸ் டு அஸ்டோனிஷ்’ இதழில் ஒரு பாதி நேமோருக்கு. மறு பாதி ஹல்க் என்பவனுக்கு. 1968ஆம் ஆண்டில்தான் இருவருக்கும் தனித்தனி இதழ் கிடைத்தது. பத்துப் பன்னிரண்டு பக்கங்களில் சென்ற மாதக் கதையை நினைவூட்டி, ஒரு சண்டையும் காட்டி, அடுத்த மாதத்துக்கு ஆவலையும் மூட்ட வேண்டும். அதற்குள் வஞ்சகனின் வாதத்தைக் கேட்க ஏது பொழுது? கண்டவுடன் தீயவன் என்று தெரியும் முகமே அங்கே தேவைப்பட்டது.

இரண்டாம் காரணம் ஒழுக்க விதி. படக்கதைகள் சிறுவரைக் கெடுக்கின்றன என்னும் கூக்குரல் எழுந்து, அமெரிக்க மேலவைக் குழுவொன்றே விசாரணை நடத்திய 1954ஆம் ஆண்டில், பதிப்பாளர்கள் தமக்குத் தாமே ஒரு விதித்தொகுப்பை வகுத்துக்கொண்டனர். எந்தக் கதையிலும் இறுதியில் நன்மையே வெல்ல வேண்டும். நிலைபெற்ற அதிகாரத்தின்மீது மதிப்புக் குறையும்படி நீதிபதிகளையோ அரசு அலுவலர்களையோ சித்திரிக்கலாகாது. இவை அவ்விதிகளுள் அடங்கும். கடலடி அரசனை மனத்தில் கொண்டு எழுதப்பட்டதன்று இவ்விதி. ஆயினும் அதன் நிழல் எங்கும் படர்ந்திருந்தது. ஆட்சியின் கொடுமையைக் காட்ட விரும்பும் எழுத்தாளன் முறையான அரசன்மீது அதனை ஏற்ற அஞ்சுவான். முறைகேடாக வந்தவன்மீது ஏற்றினால் யார்க்கும் மனத்தாங்கல் இல்லை. அரசனின் குறைகளெல்லாம் துரோகியின் கணக்கில் எழுதப்படும் வழக்கத்துக்கு இதுவும் துணை செய்தது எனக் கருத இடமுண்டு.

சூலம் தந்த தீர்ப்பு

இனிக் கதையின் முடிவை நோக்குவோம். யார் அரசன் என்னும் கேள்விக்கு விடை தருவது முத்தலைச் சூலம். தேடலில் வரும் இடர்களை ஜீன் கோலன் வரைந்துள்ள திறம் போற்றுதற்குரியது. ஒளியும் நிழலும் ஒன்றில் ஒன்று கரைய, உடல்கள் நீரில் நீந்துவதைப் போலவே கட்டத்துக்குக் கட்டம் நெளிந்து செல்கின்றன. ஆழ்கடலின் கனத்தை வெறும் மைக்கோடுகளால் உணர்த்திய ஓவியர் அவர். நாயகனின் மனவுறுதி, டோர்மாவின் அன்பு ஆகியவையும் அத்தேடலில் வெளிப்படுகின்றன.

எனினும் சூலத்தால் பெற்ற தீர்ப்பு முழுத் தீர்ப்பாகாது. உடல் வலிமையையும் அஞ்சாமையையும் பிறப்புரிமையையும் சூலம் மெய்ப்பிக்கும். அரசன் ஏன் மக்களிடம் சொல்லாமல் சென்றான் என்று அது கேட்காது. கடலடி மக்கள் இத்தொடரில் கூட்டமாக நிற்கின்றனர், அஞ்சுகின்றனர், ஆரவாரிக்கின்றனர். அவர்களுள் நேமோரை நேருக்கு நேர் வினவும் ஒரு குடிமகனின் முகம் நம் நினைவில் தங்குவதில்லை. 1963ஆம் ஆண்டு ஒருமுறை தம் மனத்தைத் தெளிவாகக் காட்டிய மக்கள், ஈராண்டுகளுக்குப் பின் ஊமையாகிவிட்டனர். கதையில் நேர்ந்த உண்மையான இழப்பு இதுவே.

துரோகத்தை அறியாத கண்

குறை தீராமல் மூடப்பட்டமைக்குச் சான்று வெளியே தேட வேண்டியதில்லை. அடுத்த சில இதழ்களே சான்று. 1966ஆம் ஆண்டில் கிராங் மீண்டும் வருகிறான். பொம்மைகளைக் கொண்டு பிறரை ஆட்டுவிக்கும் ‘பப்பெட் மாஸ்டர்’ என்பவனோடு கூட்டுச் சேர்ந்திருக்கிறான். நேமோரின் உயிருக்கு ஊறு நேர இருந்த வேளையில், அவனைக் காப்பதற்காகவே டோர்மா கிராங்குடன் செல்ல இசைகிறாள். செய்தியறிந்த நேமோரின் உள்ளத்தில் எழுவது நன்றியன்று. அவள் தன்னை வஞ்சித்துவிட்டாள் என்னும் வெறி. ‘அயர்ன் மேன்’ என்னும் நாயகனோடு வழியில் மோதிக்கொள்ளும் அளவுக்கு அச்சினம் அவன் கண்ணை மறைக்கிறது. அவ்வாறு துரத்திச் செல்லும்போது அவன் விட்டுப் போவது மறுபடியும் அதே அரியணையைத்தான்.

இப்பகுதியின் நயம் எளிதில் கண்ணில் படாது. 1964ஆம் ஆண்டுக் கதை ஒன்றில், அட்டூமா என்னும் காட்டுக்கூட்டத் தலைவன் அட்லாண்டிஸைத் தாக்குகிறான். அவன் வெளிப்படையான புறப்பகைவன். அவனுக்கு உதவியவள் பொறாமையால் அறிவிழந்த டோர்மா. பின்னர் மனம் வருந்தி, நால்வர் குழுவிடம் ஓடி நேமோருக்காக உதவி வேண்டியவளும் அவளே. உண்மையில் தவறியபோது மீண்டு வந்தவள், தவறாதபோது துரோகி எனப் பழிக்கப்படுகிறாள். அருகிலேயே இருந்த கிராங்கின் துரோகத்தைக் காணத் தவறியவன், டோர்மாவின் தியாகத்தைத் துரோகமாகக் கண்டான். உட்பகையை அறிய உதவும் கண், உள்ளன்பை அறியவும் உதவ வேண்டும். நேமோருக்கு அக்கண் இல்லை. சூலம் அதனை அவனுக்குத் தரவும் இல்லை. எழுத்தாளர் இதனைத் திட்டமிட்டுச் செய்தாரோ, தொடரின் ஓட்டத்தில் தானாக நேர்ந்ததோ, நூலில் இருப்பது இருப்பதுதான். இத்தொடரின் மிக உண்மையான பகுதி இதுவே.

மற்றோர் அரியணை

டி.சி. நிறுவனத்தாரின் அக்குவாமன் 1941ஆம் ஆண்டில் தோன்றினான். நெடுங்காலம் கடற்காவலனாக இருந்தவன், 1964ஆம் ஆண்டில்தான் அட்லாண்டிஸின் அரசனாகி, மெரா என்பவளை மணந்தான். அவனுக்கு வாய்த்த போட்டியாளருள் புகழ்பெற்றவன் ‘ஓஷன் மாஸ்டர்’ எனப்படும் ஓர்ம். 1966ஆம் ஆண்டு ‘அக்குவாமன்’ 29ஆம் இதழில் பாப் ஹேனி எழுத, நிக் கார்டி வரைய, அவன் அறிமுகமானான். அவன் நாயகனின் தந்தைவழித் தம்பி, நினைவிழந்து கடற்கொள்ளையனானவன். தம்பி என்று அறிந்த அக்குவாமன் அவன்மேல் கைவைக்கத் தயங்குகிறான். உலகம் அத்தயக்கத்தைக் கோழைமை என்று தூற்றுகிறது. உறவும் கடமையும் மோதும் நல்ல நாடகம் இது. ஆயினும் இங்கே ஓர்ம் அவைக்குள் இருந்த உட்பகைவன் அல்லன்.

கிராங்கோடு ஒப்பிடத் தக்கவன் நார்க்ரான் என்பவனே. 1968, 1969ஆம் ஆண்டுகளில் ஸ்டீவ் ஸ்கீட்ஸ் எழுதி, ஜிம் அப்பாரோ வரைந்து, டிக் ஜியோர்டானோ பதிப்பாசிரியராக இருந்த நீண்ட தொடரில் அவன் வருகிறான். மெராவை யாரோ கவர்ந்து சென்றுவிட, அவளைத் தேடி அக்குவாமன் கடல்கடலாக அலைகிறான். நாட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நார்க்ரானிடம் விடப்படுகிறது. அவன் மெல்ல மெல்லக் கொடுங்கோலனாகிறான். இறுதியில், மெரா கடத்தப்பட்டதன் பின்னணியிலேயே அவன் கை இருந்தது தெரிய வருகிறது.

நார்க்ரான் தனிப்பாத்திரம் என்னும் முறையில் கிராங்கைவிட மெலிந்தவன். அவனுக்குக் கொள்கை ஏதுமில்லை. பதவி ஒன்றே குறி. ஆனால் அவனைச் சுற்றி அமைந்த கதை மார்வெல் கதையைவிட ஒரு படி மேலே நிற்கிறது. அரசன் மனைவியைத் தேடிக்கொண்டிருக்கும் அதே பொழுதில், நாட்டில் என்ன நடக்கிறது என்று இத்தொடர் மாறி மாறிக் காட்டுகிறது. அரசன் வரட்டும் என்று மக்கள் கைகட்டி நிற்கவில்லை. நார்க்ரானின் ஆட்சிக்கு எதிராக உள்ளேயே கிளர்ச்சி எழுகிறது. 47ஆம் இதழின் தலைப்பே புரட்சியைக் குறிப்பது. 48ஆம் இதழின் தலைப்பு நாட்டை மறுபடி கட்டியெழுப்புதலைக் குறிப்பது. மாணவர் கிளர்ச்சிகள் பல நாடுகளை உலுக்கிய ஆண்டுகளில் வெளிவந்தது இத்தொடர் என்பதும் மறக்கத்தக்கதன்று.

அரசன் திரும்பியவுடன் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும் என்பது சூலத்தின் நம்பிக்கை. அரசன் இல்லாத காலத்தில் மக்கள் பட்ட பாட்டுக்கு அவன் திரும்பிவருதல் மட்டும் ஈடாகாது. உடைந்ததைக் கட்ட வேண்டும் என்பது ஸ்கீட்ஸ் கண்ட உண்மை. கேள்வியை ஆழமாக எழுப்பியது கிராங்கின் கதை. விடையை நேர்மையாகத் தேடியது நார்க்ரானின் கதை.

பிற்காலத்தில் இக்கருத்து மேலும் முறுக்கேறியது. ஜெஃப் ஜான்ஸ் எழுதி 2012, 2013ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ‘அட்லாண்டிஸின் அரியணை’ என்னும் பொருள்படும் தொடரில், ஓர்ம் முறைப்படி முடிசூடிய அரசன். நிலவுலகின் ஏவுகணைகள் தன் நகரைத் தாக்கியதால்தான் அவன் போர் தொடுக்கிறான். அவ்வேவுகணைகளை வஞ்சகமாகத் திருப்பிவிட்டவன் யார்? அக்குவாமனின் நண்பனும் ஆலோசகனுமாகிய வல்கோ. தான் விரும்பியவனை அரியணையில் அமர்த்தவே அவன் அப்பாதகத்தைச் செய்தான். நாயகனுக்கு அரியணையைப் பெற்றுத் தந்ததே ஒரு துரோகம் என்னும்போது, துரோகி எப்போதும் எதிர்ப்பக்கத்தில்தான் இருப்பான் என்னும் பழைய நம்பிக்கை தகர்ந்துவிடுகிறது. 2018ஆம் ஆண்டு வந்த ‘அக்குவாமன்’ திரைப்படமோ மீண்டும் சூலத்தின் தீர்ப்புக்கே திரும்பிச் சென்றது. திரையரங்கில் கைதட்டல் பெறுவதற்குச் சூலமே எளிய வழி.

சிறுவர் கதைக்கு இத்தனை ஆராய்ச்சியா?

சில காசுக்கு விற்ற பொழுதுபோக்கு இதழ்களில் அரசியல் அறம் தேடுவது மிகையென்று சிலர் கருதலாம். அக்கருத்தில் ஓரளவு உண்மை உண்டு. மாதந்தோறும் பல கதைகளை விரைந்து எழுதிய ஸ்டான் லீ, ஒவ்வொன்றையும் காப்பியமாக எண்ணி எழுதினார் என்று யாரும் கூறார். தொடர் தொடராக ஆராயும் பெருமை எல்லாப் படக்கதைக்கும் உரியதுமன்று.

ஆனால் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பத்து வயதுச் சிறுவன், ‘துரோகி’ என்னும் சொல்லின் பொருளை அகராதியில் கற்பதில்லை, கதைகளில் கற்கிறான். துரோகி என்பவன் கொடிய முகத்துடன் பிறந்தவன், அவனை அடித்து விரட்டினால் நாடு நலம்பெறும் என்று அவன் கற்றுக்கொண்டால், வளர்ந்த பின்னரும் அப்படியே எண்ணுவான். ஒரு சங்கத்தில், ஓர் ஊரில், ஒரு நாட்டில் பிளவு நேரும்போது, விரட்டப்பட வேண்டியவன் யார் என்று மட்டும் தேடுவான். தலைவன் எங்கே போயிருந்தான், போகுமுன் என்ன சொன்னான், திரும்பி வந்து யாரிடம் விடை கூறினான் என்னும் கேள்விகள் அவன் உள்ளத்தில் எழா. தன் தவற்றைத் துரோகியின் கணக்கில் எழுதிவிடும் தலைவர்களுக்கு இத்தகைய வாசகனே மிகவும் வேண்டியவன்.

ஆகவே மாணவன் கையிலிருக்கும் படக்கதையை ஆசிரியர் பிடுங்கி மேசைக்குள் பூட்டுவதைவிட, அதனைத் திறந்து வைத்து மூன்று கேள்விகள் கேட்பது பயன் தரும். அரசன் அரியணையில் இல்லாதது ஏன்? துரோகி சொல்வதில் எவ்வளவு உண்மை? கதை முடிந்தபின் மக்கள் அரசனிடம் கேட்க வேண்டியது என்ன? முதல் இரண்டு கேள்விகளுக்கும் விடை நேமோர் கதையின் கட்டங்களிலேயே கிடைக்கும். மூன்றாவதற்கு அங்கே விடை இல்லை. மாணவனே எண்ணிக் கூற வேண்டும். அவ்வாறு எண்ணத் தொடங்கியவன் இலக்கியம் படிக்கத் தொடங்கிவிட்டான் என்று கொள்ளலாம்.

கிராங் ஆழ்கடலினின்று துரத்தப்பட்டான். அவன் எழுப்பிய வழக்கு மட்டும் தீர்ப்பு வழங்கப்படாமல் அங்கேயே கிடக்கிறது.